எங்கே என்று கேட்டவர்

எங்கள் குப்பத்தில் ஒருவர் கிளம்பும்போது யாராவது “எங்கே?” என்று கேட்டுவிட்டால், கேட்டவருடைய ஏழு தலைமுறையும் அன்றைக்குத் திட்டு வாங்கும். கிளம்புகிறவர் ஏரிக்கு வலையெடுத்துப் போகலாம், கடைக்குச் சோப்பு வாங்கப் போகலாம், சும்மா ஒதுங்கவும் போகலாம். கேட்கக் கூடாது. கேட்டால் போகிற காரியம் விளங்காது, வலையில் பாசிதான் ஏறும். இதற்குப் பரிகாரமும் உண்டு. வீட்டுக்குத் திரும்பி வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்து, பிறகு புதிதாகக் கிளம்ப வேண்டும். இது ஊர் உலகத்தில் எல்லோருக்கும் உள்ள வழக்கம்தானே என்பீர்கள். உள்ளதுதான். மற்றவர்கள் அதை ஒரு பேச்சுக்கு வைத்திருக்கிறார்கள், நாங்கள் நிஜமாகவே கடைப்பிடித்தோம். ஒருமுறை நைனா, அதாவது என் அப்பா, துறையில் தோணியைத் தள்ளிக்கொண்டிருந்தபோது, மீன் வாங்க வந்த வெளியூர்க்காரர் ஒருவர் மரியாதைக்காக “எங்கண்ணே கெளம்பிட்டீங்க?” என்று கேட்டுத் தொலைத்தார். நைனா தோணியை மறுபடியும் கரைக்கு இழுத்துப் போட்டுவிட்டு, வீடு வரைக்கும் நடந்து வந்து, தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிப் போனார். அந்த மனிதர் இன்ன தப்பு செய்தோம் என்றே தெரியாமல் துறையில் விழித்துக்கொண்டு நின்றாராம்.

இப்படிப்பட்ட ஜனங்களுக்கு ரயில்வே ஸ்டேஷன் ஒரு பெரிய சோதனை. டிக்கெட் கொடுக்கிறவருடைய உத்தியோகமே அந்தக் கேள்வியைக் கேட்பதுதான்.

எங்களுக்கு ஸ்டேஷன் என்றால் பொன்னேரி. குப்பம் ஏரிக்கரையில், தோணிரேவு என்கிற ஊரைத் தாண்டி இருந்தது. ஷேர் ஆட்டோவில் ஏறினால் முக்கால் மணி நேரம். வாரத்தில் நாலு நாள் அம்மாவும் இன்னும் நாலு பெண்களும் நண்டையும் இறாலையும் அன்னக்கூடையில் எடுத்துக்கொண்டு பொன்னேரிக்கு வந்து, ரயிலேறி மீஞ்சூர் மார்க்கெட்டுக்குப் போய், விற்றுவிட்டு மதியத்துக்குள் திரும்புவார்கள். ஷேர் ஆட்டோவில் தொல்லை இல்லை. அது ஸ்டேஷனைத் தவிர வேறெங்கும் போகாது. டிக்கெட் கவுண்டருக்குத்தான் அவர்கள் ஒரு தந்திரம் வைத்திருந்தார்கள். வரிசையில் இன்னும் இரண்டு பேர் முன்னால் நிற்கும்போதே, அவர்கள் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, “மீஞ்சூர் அஞ்சு ரிட்டனு” என்று ஒரு குரல் விடுவார்கள். கேட்பதற்கு முன்னால் சொல்லிவிட்டால் கேள்வி இல்லை, கேள்வி இல்லாவிட்டால் குற்றமும் இல்லை. முன்னால் நிற்பவர்கள் முறைப்பார்கள். முறைத்தால் முறைத்துக்கொள்ளட்டும், மீன் கூடைக்கு யாரும் கிட்டே வந்து சண்டை போட மாட்டார்கள்.

கஷ்டம் என்னவென்றால், ரயில்வேக்காரர்கள் மாற்றலில் வந்துகொண்டே இருப்பார்கள். ஒவ்வொருவரையும் புதிதாகப் பழக்க வேண்டும். நான் சொல்லப்போகும் காலத்தில் கவுண்டரில் இருந்தவர் தெற்கத்திக்காரர், மூக்கு நுனியில் கண்ணாடி போட்டிருப்பார். அவர் வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. பாதி பழகிவிட்டார் என்று அம்மா சொல்வாள்.

எனக்கு அப்போது எட்டு வயது. அந்த வயதில் எனக்கு வீட்டில் ஒரு பெரிய பதவி இருந்தது. அதைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் ஏரியின் முறையைச் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் ஏரியில் கண்டவர் கண்ட இடத்தில் வலை கட்ட முடியாது. இன்ன நாளில் இன்ன இடம் இன்னாருக்கு என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். பாடு இல்லாதவன் ஏரியைப் பார்த்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். மாமா, அதாவது அம்மாவின் தம்பி, மீஞ்சூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போய் ஆறு மாதம் தாக்குப்பிடித்துவிட்டுத் திரும்பி வந்து, தன் பாட்டைக் கேட்டார். ஊர்க் கூட்டத்தில் பெரியவர்கள் முடியாது என்றார்கள். ஏரியை விட்டுப் போனவனை ஏரியும் விட்டுவிடும் என்று ஒருவர் அழகாகச் சொன்னார். அப்படி அழகாகச் சொன்னவர் என் நைனாதான். கூட்டத்தில் பெண்கள் ஓரமாக நின்று கேட்கலாம், பேசும் வழக்கம் கிடையாது. அம்மா பேசிவிட்டாள்.

“நீ ஆர்பருக்கு லோடு எறக்கப் போயி ஒரு வருசம் இருந்தியே, ஒம் பாட்ட யாருனா புடுங்கிக்கினாங்களா?” என்றாள், அவ்வளவுதான். கூட்டமே சிரித்துவிட்டது. மாமாவுக்குப் பாடு கிடைத்தது. நைனாவுக்கு மானம் போயிற்று.

அன்றிலிருந்து நைனா அம்மாவிடம் பேசவில்லை. அது தை மாதம். திட்டவில்லை, கை ஓங்கவில்லை, சாப்பாட்டை உதைக்கவில்லை. பேசவில்லை, அவ்வளவுதான். நல்ல மனுஷன், இந்தமட்டுக்கும் விட்டானே என்று ஊரில் சொன்னார்கள். அடித்துவிட்டு மறுநாள் பேசுகிற புருஷன்களைப் பார்த்த ஊர் அது. அதன் கணக்கு அப்படி.

என் பதவி அப்போதுதான் வந்தது. வீட்டில் போகிற வருகிற பேச்செல்லாம் என் வழியாகத்தான். மூவரும் ஒரு கை நீட்டும் தூரத்தில் உட்கார்ந்து சாப்பிடுவோம். “உங்கம்மாவாண்ட சொல்லு, கொழம்புல உப்பு தூக்கலா கீதுன்னு,” என்பார் நைனா. அம்மாவுக்குக் காதில் விழாமலா இருக்கும்? ஆனாலும் நான் திரும்பி, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “நைனா சொல்றாரு, கொழம்புல உப்பு தூக்கலாம்” என்பேன். “உங்க நைனாவாண்ட சொல்லு, ஏரித்தண்ணிய குடிச்சுக் குடிச்சு நாக்கு செத்துப்பூட்ச்சுன்னு,” என்பாள் அம்மா. அதையும் சேர்ப்பேன். சில சமயம் நானாக ஒன்றிரண்டு வார்த்தை கூட்டிக் குறைத்தும் சொல்வேன். தூதுக்காரிக்கு அந்த உரிமை கூட இல்லையென்றால் எப்படி? பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் நேராகவே பேசிக்கொள்கிறார்கள் என்று தெரிந்தபோது, எனக்கு அந்தப் பிள்ளைகள் மேல் கொஞ்சம் பரிதாபமாகக்கூட இருந்தது. அவர்களுக்கு வீட்டில் ஒரு வேலையும் இல்லை.

அம்மாவுக்குக் கோபித்துக்கொண்டு போக ஓர் இடம் வேண்டுமே. தாய்வீடு இருந்தது, எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி. அங்கே போய்ப் படுத்தால் நைனா இருமுவது கேட்கும். அம்மாவைப் பெற்றவர்கள் போய்விட்டார்கள், மாமாதான் இருந்தார். சித்திரையில் ஒருமுறை என்னையும் கூட்டிக்கொண்டு அங்கே போனாள். மாமா ஒருநாள் சோறு போட்டார். இரண்டாம் நாள், “இன்னாக்கா, ஊரு பேசுது,” என்று சொல்லி அவரே எங்களைக் கொண்டுவந்து வீட்டில் விட்டுவிட்டுப் போனார். அந்த முறை சீட்டில் மாமாவுக்குக் கிடைத்த இடம் நைனாவின் இடத்துக்கு அடுத்தது. அக்கா தம்பி பாசம் ஒரு பக்கம் இருக்கட்டும், பக்கத்தில் வலை கட்டுகிறவனைப் பகைத்துக்கொண்டு ஏரியில் எப்படிப் பிழைப்பது? மற்ற சொந்தபந்தமெல்லாம் ஏரியைச் சுற்றியுள்ள குப்பங்களில் இருந்தார்கள். பெரியம்மா ஒரு கரை, சின்னம்மா ஒரு கரை. அங்கெல்லாம் தண்ணீர் வழியாகத்தான் போக வேண்டும். தோணி வலிக்கிறவர் எப்படியும் நைனாவுக்கு அண்ணனோ தம்பியோ ஆவார். ரயில் வழியில் எங்களுக்கு ஒரு நாயும் கிடையாது. கல்யாணம், காதுகுத்து, சாவு எல்லாம் எங்களுக்குத் தண்ணீரிலேயே முடிந்துவிடும். ரயில் என்பது நண்டு விற்கப் போகிற வழி மட்டும்தான்.

ஆடி மாதம் எனக்குக் காய்ச்சல் வந்து தொண்டை கட்டிக்கொண்டது. காய்ச்சல் இறங்கிய பிறகும் குரல் வரவில்லை. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. வீடு ஸ்தம்பித்துப் போயிற்று. நைனா தன் வெள்ளைச் சட்டையைக் காணோம் என்று பூனையிடம் சொன்னார். சட்டை கொடியில் இருப்பதாக அம்மா அடுப்பிடம் சொன்னாள். நான் படுத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தேன். என் பதவி பூனைக்குப் போய்விடுமோ என்று கவலையாக இருந்தது.

மூன்றாம் நாள் மழை. அம்மா வெளியிலிருந்து விறகை அணைத்துக்கொண்டு வந்தவள் வாசற்படியில் வழுக்கி விழுந்தாள். விறகெல்லாம் சிதறியது, முழங்கை கல்லில் நச்சென்று மோதியது. நைனா உள்ளே உட்கார்ந்து வலை முடிந்துகொண்டிருந்தார். தலையைத் தூக்கிப் பார்த்தார். பாதி எழுந்துவிட்டார், அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

“உங்கம்மாவாண்ட கேளு, அடி கிடி பட்டுச்சான்னு,” என்றார்.

நான் வாயைத் திறந்தேன். காற்று வந்தது. அம்மா விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நைனாவும் என் வாயைத்தான் பார்த்தார். எனக்கு அழுகையாக வந்தது. அந்தக் கேள்வி யாராலும் கேட்கப்படாமல் அங்கேயே கிடந்தது. கொஞ்ச நேரம் கழித்து அம்மா எழுந்து விறகைப் பொறுக்கினாள். நைனா உட்கார்ந்து வலையைத் தொடர்ந்தார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வெள்ளியன்று மீஞ்சூரில் நண்டு போணியாகாது, எங்கள் பெண்கள் யாரும் போக மாட்டார்கள். நைனா விடியற்காலையிலேயே துறைக்குப் போயிருந்தார். அம்மா எனக்குத் தலை வாரி, பொங்கலுக்குத் தைத்த பாவாடையைப் போட்டுவிட்டாள். அன்னக்கூடையில் அவள் புடவைகளையும் என் துணிகளையும் வைத்து, மேலே ஈரச்சாக்கைப் போட்டு மூடினாள், உள்ளே நண்டு இருப்பது போல. முழங்கை வீங்கியிருந்தது. அதில் மஞ்சளும் சுண்ணாம்பும் பற்றுப் போட்டிருந்தாள். அதனால் கூடையை இடது கையால் தூக்கினாள்.

அம்மா வீட்டை விட்டுக் கிளம்புகிறாள் என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. எனக்கு மட்டும்தான் தெரியவில்லை. நான் ரயில் பார்க்கப் போகிறேன் என்ற குஷியில் இருந்தேன். வாசல் பெருக்கிக்கொண்டிருந்தவர்கள் துடைப்பத்தை நிறுத்தினார்கள். குழாயடியில் பேச்சு நின்றது. வெள்ளிக்கிழமையில் கூடை, பிள்ளைக்குப் புதுப் பாவாடை. கேட்க எல்லோருக்கும் வாய் துடித்தது, ஆனால் கிளம்புகிறவளை எப்படிக் கேட்பது? அம்மாவோடு மீஞ்சூருக்கு வரும் பெண்களில் ஒருத்தி கிட்டே வந்து, அம்மாவின் முகத்தைப் பார்த்து, வாயைத் திறந்து, மூடி, கடைசியில் என்னிடம், “தொண்ட தேவலையா பாப்பா?” என்றாள். நான் தலையாட்டினேன். “சரி, போய்ட்டு வா,” என்றாள் அம்மாவிடம். போய்விட்டு வருகிறேன் என்று சொல்ல வேண்டியது முறை. அம்மா தலையை மட்டும் ஆட்டினாள்.

பொன்னேரி ஸ்டேஷனில் அந்த நேரத்துக்கு நல்ல கூட்டம். வேலைக்குப் போகிறவர்கள், காலேஜ் பிள்ளைகள், கொய்யாக் கூடைக்காரிகள். நாங்கள் வரிசையில் நின்றோம். முன்னால் நாலு பேர் இருந்தார்கள். பிறகு மூன்று பேர், இரண்டு பேர். குரல் கொடுக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. நான் அம்மாவை அண்ணாந்து பார்த்தேன். அம்மா கையை நீட்டவில்லை. ஒருவர் நகர்ந்தார். நான் புடவையை இழுத்தேன். அம்மா கம்பிக்கு அந்தப் பக்கம் எதையோ பார்ப்பது போல நின்றாள். எங்கள் முறை வந்தேவிட்டது.

கவுண்டர்காரர் அம்மாவை அடையாளம் கண்டுகொண்டார். “என்னம்மா, இன்னைக்குத் தனியா? மீஞ்சூர் ரிட்டர்ன்தானே?” என்றார்.

“ரிட்டனு வேணாம்.”

“போறதுக்கு மட்டுமா?”

“போறதுக்கு மட்டும் போதும்.”

“சரி, மீஞ்சூர் ஒண்ணரை.”

“மீஞ்சூர் இல்ல,” என்றாள் அம்மா.

அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “அப்ப எங்கம்மா போகணும்?”

கேட்டுவிட்டார். பாதி பழகின ஆள், எல்லாவற்றையும் மறந்துவிட்டு இப்படி நேருக்கு நேராகக் கேட்டுவிட்டாரே என்று எனக்குக் கோபம் வந்தது. அம்மாவின் உதடு மட்டும் ஒருமுறை அசைந்தது. பின்னால் நின்றவர், “சீக்கிரம்மா, வண்டி வந்துடும்,” என்றார். அம்மா கூடையை எடுத்துக்கொண்டு வரிசையை விட்டு விலகினாள்.

எனக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். இந்த மாதிரி நேரத்துக்குத்தானே பெரியவர்கள் வழி சொல்லி வைத்திருக்கிறார்கள். அம்மாவை இழுத்துக்கொண்டு போய் பெஞ்சில் உட்கார வைத்தேன். செருப்பைக் கழற்றச் சொல்லிக் காட்டினேன். குழாயில் கையைக் குவித்துத் தண்ணீர் பிடித்து, வழியெல்லாம் சிந்தி, மிச்சமிருந்த ஒரு சொட்டை அவள் வாயில் விட்டேன். அம்மா மறுப்பே சொல்லாமல் எல்லாவற்றையும் செய்தாள். பிறகு ஸ்டேஷன் வாசலுக்கு வெளியே வரை போய்ப் புதிதாக உள்ளே நுழைந்தோம். அப்போதுதான் தொண்டையைச் செருமிப் பார்த்தேன், ஏதோ ஒரு சத்தம் வந்தது. தவளை மாதிரிதான், ஆனால் சத்தம். இந்தத் தடவை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று முடிவு செய்தேன்.

மறுபடி வரிசை. எனக்கு முன்னால் ஒருவர் நிற்கும்போதே நான் கூடையின் மேல் ஒரு காலை வைத்து ஏறி, கையை நீட்டி, என் உடம்பிலிருந்த பலத்தையெல்லாம் கூட்டி, “பொன்னேரி ரெண்டு, போறதுக்கு மட்டும்” என்று கத்தினேன்.

ஊர்ப் பெயர் ஒன்று சொல்ல வேண்டும், என் வாயில் இருந்தது அதுதான். உள்ளே வரும்போது மஞ்சள் பலகையில் கறுப்பெழுத்தில் பெரிதாகப் போட்டிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுப் பெருமையோடு வந்திருந்தேன்.

வரிசை முழுதும் சிரித்தது. கவுண்டர்காரரும் சிரித்தார். “நீ பொன்னேரிலதானே பாப்பா நிக்கிறே. இங்கயே இருக்கிறதுக்கு எங்கிட்ட டிக்கெட் கிடையாதே,” என்றார். அம்மாவும் சிரித்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். எல்லோரும் நிறுத்திய பிறகும் அவள் நிறுத்தவில்லை, தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது. ஏழு மாதத்தில் அம்மா அவ்வளவு நேரம் சிரித்து நான் பார்த்ததில்லை. என்னால்தான் என்று எனக்குக் கர்வம்.

கவுண்டர்காரர் சிரிப்பை நிறுத்திவிட்டார். அம்மாவின் முழங்கையில் இருந்த பற்றைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார், என் பாவாடையைப் பார்த்தார். பிறகு வேறு பக்கம் திரும்பி ஒரு சீட்டை எடுத்துக் கம்பிக்கு அடியில் தள்ளினார்.

“இல்ல, இருக்கு. பிளாட்பாரம் டிக்கெட். ரெண்டு மணி நேரம் செல்லும். உள்ள போய் உக்காருங்கம்மா, யாரும் எழுப்ப மாட்டாங்க. யோசிச்சுட்டு வாங்க,” என்றார்.

உட்கார்ந்தோம். அம்மா எனக்குச் சூடாக டீ வாங்கிக் கொடுத்தாள், ஒரு பன்னும். ரயில்கள் இரண்டு பக்கமும் வந்து வந்து போயின. ஒவ்வொரு தடவையும் ஒலிபெருக்கியில் ஒரு பெண் சொன்னதைக் கேட்டு அம்மா, “இது எங்கல்லாம் போவுதாம்?” என்று என்னைக் கேட்டாள். ரயிலைப் பற்றி அப்படிக் கேட்கலாம், அதற்குத் தோஷமில்லை. நான் தவளைக் குரலில் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அத்திப்பட்டு, எண்ணூர், திருவொற்றியூர், சென்னை. அந்தப் பக்கம் கும்மிடிப்பூண்டி, கூடூர். அம்மா ஒவ்வொரு பெயரையும் மெதுவாகத் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள்.

“எண்ணூருல நம்மள யாருக்குத் தெரியும்?” என்றாள்.

“யாருக்குந் தெரியாது,” என்றேன்.

“கூடூருல?”

“ஊஹும்.” எனக்கு அது ஒரு விளையாட்டாக இருந்தது. அவள் கேட்பதற்குள்ளேயே, “சென்னையிலயும் யாருக்குந் தெரியாது,” என்று சொல்லிவிட்டேன்.

“ஆமா,” என்றாள் அம்மா.

ஒரு ரயில் வந்து நின்றபோது அவள் எழுந்து, கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். கதவு சரியாக எங்களுக்கு எதிரே வந்து நின்றது. கையை நீட்டினால் கம்பியைப் பிடித்துவிடலாம். உள்ளே இருந்த ஒரு கிழவர் எங்களுக்காக ஒதுங்கிக்கூட நின்றார். நான், “டிக்கெட் இல்லியே,” என்றேன். ரயில் ஊதிவிட்டுக் கிளம்பியது. கடைசிப் பெட்டி போகும்வரை அம்மா நின்றாள். பிறகு கூடையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்து, “பசிக்குதா?” என்று கேட்டாள். பசித்தது. ஷேர் ஆட்டோவில் ஏறி ஊருக்கு வந்தோம்.

ஆட்டோ நிற்குமிடத்தில் நைனா நின்றுகொண்டிருந்தார். அன்று அவருடைய பாடு. பாடு உள்ள நாளில் ஏரிக்குப் போகாவிட்டால் அந்த முறை போனது போனதுதான், அடுத்ததற்கு இரண்டு வாரமோ மூன்று வாரமோ காத்திருக்க வேண்டும். அதற்காகச் சொந்த அண்ணன் சாவுக்கே பாதியில் எழுந்து போனவர்கள் எங்கள் ஊரில் உண்டு. நைனாவின் வேட்டி நனையவில்லை. அவர் எங்களைப் பார்த்ததும் வழக்கம்போல என் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினார்.

“எங்க பூட்டே?” என்றார்.

போகும்போதுதான் கேட்கக் கூடாது, வந்த பிறகு கேட்கலாம்.

“பொன்னேரி,” என்றாள் அம்மா.

“இன்னாத்துக்கு?”

“சும்மாதான்.”

நைனா கூடையை வாங்கிக்கொண்டார். ஈரச்சாக்கு காய்ந்து ஒரு பக்கம் விலகியிருந்தது. உள்ளே இருந்தது அவருக்குத் தெரிந்திருக்கும். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, “கை வீங்கிக் கீதே,” என்றார். “ஆமா,” என்றாள் அம்மா. அதற்குப் பிறகு அவர்கள் கொஞ்சிக் குலாவிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். உப்பு, புளி, சட்டை எங்கே என்கிற அளவுக்குப் பேச்சு வந்தது. அந்த அளவிலேயே வெகுகாலம் நின்றது. எனக்குத்தான் வேலை போயிற்று. இரண்டு நாள் உம்மென்று இருந்தேன், யாரும் கவனிக்கவில்லை.

கவுண்டர்காரர் மேல் எனக்கு உண்டான ஆத்திரம் மட்டும் தீரவேயில்லை. அவர் கேட்டதால்தானே அம்மா போகவில்லை, என் ரயில் பயணம் கெட்டது? வருடக்கணக்கில் அப்படித்தான் நினைத்திருந்தேன். இப்போது நான் தினமும் அதே ரயிலில் மீஞ்சூருக்கு வேலைக்குப் போய் வருகிறேன். கவுண்டரில் நிற்பதில்லை, டிக்கெட் போனிலேயே. எங்கே என்று கேட்டு ஒரு காலிக் கட்டம் வரும், பெயரைப் போட்டால்தான் மேலே நகரும். ஒருநாள் அதை நிரப்ப விரலைக் கொண்டுபோனபோது, அன்றைக்கு அம்மாவின் உதடு அசைந்தது ஞாபகம் வந்தது. பிளாட்பாரத்திலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். ஊரில் அத்தனை பேர் வாய் துடிக்க அவளை வழியனுப்பினார்கள். எங்கே போகணும் என்று அவளைக் கேட்டவர் அந்த ஒரு மனுஷன்தான். கேட்டது தப்பில்லை. அவளிடம் சொல்ல ஓர் ஊர் இல்லை.

இதெல்லாம் எட்டு வயதில் யாருக்குத் தெரிந்தது? அடுத்த வாரம் லீவு நாளில் அம்மாவோடும் மற்றப் பெண்களோடும் நானும் மீஞ்சூருக்குப் போனேன். வரிசையில் எங்கள் முறை வந்ததும் குதிகாலை உயர்த்தி எம்பி, அவரைப் பார்த்து நன்றாக நாக்கைத் துருத்தினேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “வா பொன்னேரி, சௌக்கியமா?” என்றார். அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்ததுமே மீஞ்சூர் ரிட்டர்னை எடுத்துத் தள்ளிவிட்டார். அதற்குப் பிறகும், மாற்றலாகிப் போகும் வரைக்கும், அவர் மற்ற எல்லோரையும் எங்கே எங்கே என்று கேட்டார், அம்மாவை மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை.

ஆள் ஒருவழியாக முழுசாகப் பழகிவிட்டார் என்று நான் சந்தோஷப்பட்டேன்.